மஞ்சள் பிரிவில் ஒரு குப்பி கூடுதல்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலோடு மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வருகிறார். மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு, தொண்டை வலி, உடம்பு வலி. இரத்தத்தில் வெள்ளணு குறைவு, பிளேட்லெட்டும் குறைவு. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இதைப் பார்க்கும் எவருடைய மனமும் முதலில் டெங்கிக்குத்தான் போகும். டெங்கி இல்லையென்றால் எலிக்காய்ச்சல். தோட்டத்து வாய்க்கால் தண்ணீரில் கால் வைக்கிற ஆளுக்கு அது நியாயமான சந்தேகம். இரண்டும் இல்லையென்று முடிவு வந்தால், ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று பெயர் வைத்து, பனடோலும் இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் நுழைந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்கு வருகிற முதல் காய்ச்சலும் இதே உருவத்தில்தான் வரும். காய்ச்சல், தடிப்பு, தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல், சில சமயம் வாய்ப்புண். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இதிலும் குறையலாம். மருந்தே இல்லாமல் தானாக விட்டுப்போகும். பிறகு பல ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இருக்காது. அந்த ஆண்டுகளில் அவர் அரிவாள் வெட்டுக்கும், மோட்டார் சைக்கிள் விபத்துக்கும், நெஞ்செரிச்சலுக்கும் அதே அவசரப் பிரிவுக்கு மூன்று நான்கு தடவை வந்து போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்திருப்பார்கள். எச்.ஐ.வி. மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் காசநோயோடோ மூளைக்காய்ச்சலோடோ, உயிர் ஆபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பிரிவில் கொண்டுவந்து போடும்போதுதான் சோதனை நடக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

அவசரப் பிரிவில் வழக்கமான எச்.ஐ.வி. சோதனை என்று சொல்வது இந்த இடைவெளியை அடைப்பதற்கான ஏற்பாடு. விதி எளிது. எந்தக் காரணத்துக்காக இரத்தம் எடுத்தாலும், எடுக்கிற பெரியவர்கள் அனைவருக்கும் எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்ப்பது. பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. ஆளின் முகத்தையும் தொழிலையும் பச்சை குத்தியிருப்பதையும் பார்த்து யாருக்குச் சோதனை என்று முடிவெடுக்கிற பழக்கத்தை ஒழிப்பதுதான் இதன் உயிர்நாடி.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் 13 முதல் 64 வயது வரை உள்ள எல்லோருக்கும் மருத்துவமனைகளில் இப்படிச் சோதிக்கப் பரிந்துரைத்தது. அவசரப் பிரிவும் அதில் அடக்கம். தனியான எழுத்துச் சம்மதம் வேண்டியதில்லை, நீண்ட முன்-ஆலோசனையும் வேண்டியதில்லை என்றது. இங்கிலாந்து 2022 ஏப்ரலில் எச்.ஐ.வி. மிக அதிகமாக உள்ள இலண்டன், மான்செஸ்டர், பிரைட்டன், பிளாக்பூல் பகுதிகளின் அவசரப் பிரிவுகளில் இதைத் தொடங்கி, எச்.ஐ.வி.யோடு கல்லீரல் அழற்சி பி, சி இரண்டையும் சேர்த்துக்கொண்டது. பிறகு மற்ற ஊர்களுக்கும் விரித்தது.

இந்தச் சோதனைக்கு மட்டும் ஏன் இத்தனை காலம் தனிச் சடங்கு? எச்.ஐ.வி. எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை 1985இல் வந்தது. மருந்து அப்போது இல்லை. இருக்கிறது என்று சொல்வது தண்டனை வாசிப்பதற்குச் சமமாக இருந்தது. அதனால் தனி அறை, தனிப் பாரம், நீண்ட பேச்சு. 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் நிலைமையை மாற்றின. 2015இல் வெளியான ஆய்வு முடிவுகள், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்கினால் கடும் நோயும் சாவும் குறையும் என்பதை உறுதிப்படுத்தின. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதும் நிலைநாட்டப்பட்டது. நோய் மாறிவிட்டது, சடங்கு மட்டும் மாறவில்லை.

மலேசியாவின் வலைகளில் அகப்படாதவர் யார்

மலேசியாவில் முதல் தொற்று 1986இல் பதிவானது. ஆரம்பத்தில் இது பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்வதால் பரவியது. புதிய தொற்றுகள் 2002இல் 6,978 என்ற உச்சத்தைத் தொட்டன. 2005இல் போதை மருந்துக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் சிகிச்சையும் அடுத்த ஆண்டு ஊசி மாற்றித் தரும் திட்டமும் வந்தபின் அந்த வழி வெகுவாக அடைபட்டது. இப்போது புதிய தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி உடலுறவு வழியாக வருகிறது. தோட்டப்புறத்தில் இன்னும் பலர் மனத்தில் எச்.ஐ.வி. என்றால் ஊசிக்காரன் நோய்தான். அந்தப் படம் இருபது ஆண்டுப் பழையது.

சோதனைக்கான வலைகள் நாட்டில் ஏற்கனவே பல உண்டு. அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு 1998 முதல் சோதனை நடக்கிறது. இரத்த தானம் செய்வோருக்கு உண்டு. முஸ்லிம்களுக்குத் திருமணத்துக்கு முன் கட்டாயம், மற்றவர்களுக்கு விருப்பம். காசநோயாளிகளுக்கும் மெத்தடோன் எடுப்போருக்கும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, வேலை அனுமதிக்காகச் செய்யும் ஃபொமேமா உடல்நலப் பரிசோதனையில் உண்டு.

இந்த வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். நாற்பத்தைந்து வயது ஆண், இந்து அல்லது கிறிஸ்தவர், திருமணமாகி இருபது ஆண்டு. கர்ப்பமாகப் போவதில்லை. இரத்த தானம் செய்ததில்லை. காசநோய் இதுவரை இல்லை. அரசாங்க கிளினிக்குக்குப் போனால் அரை நாள் கூலி போகும் என்று போவதில்லை. ஆள் கீழே விழுந்தால் மட்டும் அவசரப் பிரிவு. குழந்தைப்பேறு முடிந்த அவர் மனைவியும் அதே ஓட்டையில்தான் இருக்கிறார்; கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அவருக்குச் சோதனை கிடையாது. தோட்டம் விற்றுப் போய், லயம் இடிந்து, தாமானுக்கும் மலிவுவிலை ஃபிளாட்டுக்கும் பெயர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு, முன்பு டிஸ்பென்சரியில் முகம் தெரிந்த எச்.ஏ. (மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருந்தார் என்பதும் இப்போது இல்லை. அவர்களுக்கு மருத்துவத்தின் முதல் வாசலே அவசரப் பிரிவுதான்.

எல்லோரையும் சோதித்தால் மானம் போகாதா என்ற கேள்விக்கும் மறுமொழி மலேசியாவிலேயே இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. அதற்கு அடித்தளம் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சோதனை. கர்ப்பிணி கிளினிக்கில் கையை நீட்டும் பெண்ணைப் பார்த்து, இவளுக்கு ஏன் இந்தச் சோதனை என்று எந்த மாமியாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் உண்டு என்பதால் யாருக்கும் களங்கம் இல்லை. அந்தப் பழக்கம் ஆண்கள் வரும் வாசலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கேட்கும் விதம்

அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சைப் பிரிவில் பெரும்பாலோருக்கு இரத்தமே எடுப்பதில்லை; சளி, சிறு காயம், மருந்துச் சீட்டு. அங்கே புதிதாக ஊசி குத்தினால் வேலையும் கூடும், சண்டையும் கூடும். சிவப்பில் பேசக்கூட முடியாதவர்கள் இருப்பார்கள். ஆக இந்தச் சோதனைக்கு இயல்பான இடம் மஞ்சள் பிரிவு. ஊசி எப்படியும் குத்தப்போகிறார்கள், ஆளும் பேசும் நிலையில் இருக்கிறார்.

வேண்டியது சீரத்துக்கான மஞ்சள் மூடிக் குப்பி ஒன்று, மூன்று முதல் ஐந்து மில்லி. சிறுநீரகச் சோதனைக்கு எடுக்கும் குப்பியிலேயே சேர்த்துச் செய்ய முடிகிற லேப் என்றால் தனிக் குப்பியும் வேண்டாம். குப்பிகளை நிரப்பும் வரிசை மாறக் கூடாது. ஊதா மூடிக் குப்பியை முதலில் நிரப்பிவிட்டு மஞ்சளுக்கு வந்தால், ஊதாவில் இருக்கும் உறைவுத் தடுப்பான் ஒட்டிவந்து பொட்டாசியம் அளவைக் கெடுத்துவிடும். எச்.ஐ.வி. சோதனைக்காக எடுத்த குப்பி வேறொரு முடிவைக் கெடுத்தது என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தால் போதும், வார்டு முழுக்க இதை வெறுக்கத் தொடங்கிவிடும்.

சொல்லவேண்டிய வாக்கியம் அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நல்ல மாதிரி இது: “அண்ணே, இங்க ரத்தம் எடுக்குற எல்லாருக்கும் எச்.ஐ.வி.யும், கல்லீரலத் தாக்குற பி, சி கிருமியும் சேத்துப் பாக்குறோம். உங்களுக்குன்னு தனியா இல்ல. வேணாம்னா சொல்லுங்க, மத்த வைத்தியம் எதுவும் மாறாது. முடிவு உங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம்.” இதில் ‘எல்லாருக்கும்’ என்ற சொல் விழுந்துவிட்டால் மீதி வீண். “உங்களுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணலாமா?” என்று மிஸ்ஸி, அதாவது தாதி, கேட்டால், பத்தில் எட்டுப் பேர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?

பொதுச் சம்மதம் என்ற பெயரில் மறைத்துச் செய்வதும் கூடாது. சுவரில் மலாயில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, படித்துச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது சம்மதம் ஆகாது. தமிழிலும் இருக்கவேண்டும், வாயாலும் சொல்லவேண்டும். கூட வந்த மகனையோ மருமகளையோ மொழிபெயர்ப்பாளராக வைப்பது பெரிய பிழை. மகள் மொழிபெயர்த்தால் அப்பா எதற்கும் தலையாட்டுவார், அல்லது எதற்கும் ஆட்டமாட்டார். கூட வந்தவரை ஐந்து நிமிடம் மருந்து கவுன்டருக்கோ பதிவு மேசைக்கோ அனுப்பிவிட்டுக் கேட்பது அனுபவமுள்ளவர்கள் செய்வது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதால் அவர்களை இந்த ஓட்டத்தில் சேர்ப்பதில்லை. மயக்கத்தில் வந்தவருக்கு, நோயைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனை தேவைப்பட்டால் செய்வது வேறு. வழக்கத்துக்காகச் செய்யாமல், தெளிந்த பிறகு கேட்பதே முறை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எச்.ஐ.வி. சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, உறுதியானதும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுத்தில் போகும். அதிகாரிகள் தொடர்புகொண்டு துணைவரைப் பற்றிக் கேட்பார்கள். முடிவு உங்களுக்கு மட்டும் என்று சொன்னவர், உறுதியான பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்துக்கும் முதலாளிக்கும் போகாது, சுகாதார அலுவலகத்துக்குப் போகும் என்று பிரித்துச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் விட்டு, திடீரென்று அலுவலகத்திலிருந்து போன் வரும்போதுதான் நம்பிக்கை உடைகிறது.

குப்பிக்குள் நடப்பது

நல்ல லேப்களில் இருப்பது நான்காம் தலைமுறைச் சோதனை. அது உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளையும் பார்க்கும், கிருமியின் பி24 என்ற புரதத்தையும் பார்க்கும். புரதம் முதலில் தெரியும், எதிர்ப்பொருள் பின்னால் வரும். அதனால் தொற்று நேர்ந்து 18 முதல் 45 நாளுக்குள் இது கண்டுபிடித்துவிடும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை 10 முதல் 33 நாளில் பிடிக்கும். ஆனால் விலையும் வேலையும் கூடுதல் என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை.

மேலே சொன்ன ஐந்து நாள் காய்ச்சல்காரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். அவருக்கு விரலில் குத்தி, எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் அட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஒரே கோடு வந்தது என்று அனுப்பிவிட்டால் சோதனையே செய்யாததைவிட மோசம். அவர் இரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும் வாரம் அதுவாக இருக்கலாம், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போதுதான் மிக அதிகம். அட்டையோ ‘இல்லை’ என்கிறது. சந்தேகம் பலமாக இருந்தால் நான்காம் தலைமுறைச் சோதனை, அதுவும் இல்லையென்று வந்தால் மரபணுச் சோதனை, அல்லது ஆறு வாரம் கழித்து மறுசோதனை.

விரல் அட்டைகளுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் படிக்கவேண்டிய நேரம் இருக்கிறது, பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடம். அவசரப் பிரிவில் ஓர் ஆள் அந்த நேரத்துக்கு அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் மெலிந்த கோடு இன்னும் வந்திருக்காது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் காய்ந்த கறை கோடாகத் தெரியும். அட்டை சரியாக ஓடியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராத அட்டை செல்லாது, முடிவு எதுவானாலும். பல அட்டைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது சாதாரணமாகத் தாண்டிவிடும். மஞ்சள் பிரிவில் எப்படியும் நரம்பிலிருந்து இரத்தம் எடுப்பதால் லேப் சோதனையே மேல். அட்டையை நேரம் கிடைக்காத இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்: பிரசவ வலியோடு கர்ப்பிணி கார்டு இல்லாமல் வந்த பெண், நோயாளிக்குப் போட்ட ஊசி ஊழியர் மேல் தவறிக் குத்தியிருந்தால் அந்த நோயாளி.

இனி, பலருக்கு உறைக்காத கணக்கு. ஓர் ஆஸ்பத்திரியில் 10,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர், அதாவது 10 பேர், தெரியாமல் கிருமியோடு இருக்கிறார்கள். சோதனை அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. அதன் துல்லியம், கிருமி இல்லாதவர்களில் 99.8 விழுக்காட்டினருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் அளவுக்கு நல்லது. மீதி 0.2 விழுக்காடு? 9,990 பேரில் 20 பேர். ஆக, ‘ரியாக்டிவ்’, அதாவது கிருமி இருக்கலாம் என்ற குறியோடு வந்த 30 பேரில் 20 பேருக்குக் கிருமியே இல்லை. சோதனையில் கோளாறு இல்லை. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எந்த நல்ல சோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். கர்ப்பம், அண்மையில் போட்ட தடுப்பூசி, தன் உடலையே தாக்கும் நோய்கள் போன்றவை சில சமயம் இப்படிப் பொய்யாகக் காட்டவைக்கும்.

அதனால் முதல் முடிவை வைத்துக்கொண்டு யாரிடமும் “உங்களுக்கு எச்.ஐ.வி.” என்று சொல்லக் கூடாது. அதே குப்பியில் முதலில் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு வேறு முறையில் அமைந்த இரண்டாவது சோதனை; அது இந்த இருபது பேரில் ஏறக்குறைய எல்லோரையும் கழித்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2019 முதல், உறுதி செய்ய அடுத்தடுத்து மூன்று சோதனைகள் ரியாக்டிவ் ஆகவேண்டும் என்கிறது. அதற்கும் மேல், மருந்து தொடங்கும் முன் புதிதாக இரத்தம் எடுத்து ஒரு தடவை பார்ப்பார்கள். அது லேப்பைச் சந்தேகித்து அல்ல, ஸ்டிக்கரைச் சந்தேகித்து. இரவு மூன்று மணிக்கு இரண்டு முனியாண்டிகள் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கும்போது குப்பி மாறுவதற்கு ஒரு வினாடி போதும். படுக்கைப் பக்கத்திலேயே பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் சரிபார்த்து ஒட்டுவது, மேசைக்குப் போய் ஒட்டாமலிருப்பது, இதில் சமரசமே கிடையாது.

முடிவு வந்தபோது ஆள் வீட்டில்

உண்மையில் இந்த ஏற்பாடு வாழ்வதும் சாவதும் இங்கேதான். உறுதிச் சோதனைக்கு மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் லேப்புக்குப் போக வேண்டியிருக்கும். சில நாள் ஆகும். மஞ்சள் பிரிவிலிருந்து ஆள் அன்றைக்கே வீடு போயிருப்பார், அல்லது ஏ.ஓ.ஆர். (சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்ற) கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். சோதனைக்குக் கையெழுத்திட்ட டாக்டர் ஷிஃப்ட் மாறி, அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போயிருப்பார். முடிவு கம்ப்யூட்டரில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். சோதித்துவிட்டுச் சொல்லாமல் விட்டது, சோதிக்காததைவிடப் பெரிய குற்றம்.

இதற்கு ஒரே மருந்து, முடிவுகளுக்கு ஒரு தலைக்காரர். ஒரு மூத்த மிஸ்ஸியோ உதவி மருத்துவ அதிகாரியோ, நாள்தோறும் காலையில் அந்த நாளின் ரியாக்டிவ் பட்டியலை எடுத்து, பூட்டுள்ள பதிவேட்டில் எழுதி, ஒவ்வொன்றும் முடியும்வரை துரத்துகிறவர். அவர் லீவில் போனால் யார் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

துரத்த வேண்டுமானால், இரத்தம் எடுக்கும்போதே மூன்று விஷயம் கேட்டு வைக்கவேண்டும். இது உங்கள் சொந்த நம்பரா, வீட்டில் வேறு யாரும் எடுப்பார்களா, எந்த நேரம் கூப்பிட்டால் தனியாகப் பேசலாம். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கு) ஐந்தரைக்கே கிளம்புகிறவரை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் மரத்தடியில் நான்கு பேர் நடுவில் ஸ்பீக்கரில் எடுப்பார். பிற்பகல் மூன்றுக்கு மேல் என்றால் வேறு கதை. பிரீபெய்டு நம்பர் ஆறு மாதத்துக்கு ஒன்று மாறும் என்பதால் இரண்டாவது நம்பரும் வேண்டும். அது யாருடையது என்பதும் வேண்டும். கடிதம் போடவே கூடாது. தோட்ட முகவரிக்குப் போகும் கடிதம் பல இடங்களில் ஆபீசுக்குப் போய், கிராணி என்ற கணக்கர் மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையால் வீட்டுக்குப் போகும். ஆஸ்பத்திரி முத்திரையுள்ள உறை போதும், உள்ளே எழுதியிருப்பதை ஊர் தானே எழுதிக்கொள்ளும்.

போனில் முடிவைச் சொல்வதில்லை. “அன்னிக்கு எடுத்த ரத்தத்துல ஒரு டெஸ்ட் சரியா ஓடல, மறுபடி எடுக்கணும்” என்று பொய் சொல்லி வரவழைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்லதல்ல, பொய் என்று தெரிந்த அன்றைக்கு மருந்தையும் நம்பமாட்டார். “ஒரு முடிவைப் பத்தி நேர்ல பேசணும், இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்” என்பது உண்மை, அளவும் போதும்.

சின்ன ஊரில் ரகசியம் காப்பது பெரிய நகரத்தைவிடக் கடினம். கவுன்டரில் இருப்பவர் மச்சானின் தங்கை. கட்டில் தள்ளுகிறவர் அதே கோயில் கமிட்டி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஊருக்கு வாயில் போட ஏதும் கொடுக்காமல் இருக்க முடியும். நோயாளி அட்டையில் வெளிப்பக்கம், எச்.ஐ.வி.யைக் குறிக்க ‘ஆர்.வி.டி.’ என்று சிவப்பு மையில் எழுதுவது பழைய வழக்கம். சங்கேதம் என்று நினைத்து எழுதுகிறார்கள், அட்டெண்டர் முதல் தோட்டி வரை அர்த்தம் தெரியும். எம்.சி.யில் எந்த கிளினிக் என்ற முத்திரை விழாமல் பொது முத்திரை போடுவது, தொடர் சந்திப்பைத் தனிக் கிழமையில் தனி வாசலில் வைக்காமல் நீரிழிவு, இரத்த அழுத்தக்காரர்களோடு கலந்து வைப்பது, இவையெல்லாம் காசில்லாத வேலை. ஊரில் பார்க்க வேண்டாம் என்று நோயாளி சொன்னால் ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ மாற்றிக் கொடுக்கவேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

உறுதியானபின் எடுக்கும் சோதனைகளில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 வெள்ளணு எண்ணிக்கையும் கிருமி அளவும் முதன்மை. சிடி4 350க்குக் கீழே என்றால் தாமதமாகக் கண்டுபிடித்ததாகக் கணக்கு. 200க்குக் கீழே என்றால் நோய் முற்றிய நிலை. முடிந்தால் ஏழு நாளுக்குள் மருந்து தொடங்குவது இன்றைய வழக்கம். குடிமக்களுக்கு முதல்வரிசை மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆனால் அவசரம் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. நாள்பட்ட தலைவலியும் காய்ச்சலும் உள்ளவருக்கு மூளையில் பூஞ்சையோ காசநோயோ இருந்தால், எச்.ஐ.வி. மருந்தை உடனே கொடுப்பது எதிர்ப்புச் சக்தியைத் திடீரென்று எழுப்பி மூளை வீங்கச் செய்யும். அங்கே நான்கு வாரமாவது பொறுப்பார்கள். இருமல், எடை குறைவு, இரவு வியர்வை, தலைவலி, இந்த நான்கையும் கேட்காமல் மருந்து எழுதக் கூடாது.

கல்லீரல் பக்கத்தையும் சேர்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. மலேசியாவில் பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த தோட்டத்துத் தலைமுறை பெரும்பாலும் போடாத தலைமுறை. கல்லீரல் அழற்சி சி-க்கோ பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு முழுக் குணம். அந்த மருந்தைக் காப்புரிமை உள்ள நிறுவனத்தின் அனுமதியில்லாமலே வாங்க அரசாங்கம் 2017இல் வழிசெய்து, 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறது. அந்தக் காலத்தில் ஊசி பகிர்ந்து, விட்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் சி கிருமி இன்னும் இருக்கும். ‘மூணு கிருமிக்கும் பாக்குறோம்’ என்று சொல்வதில் எச்.ஐ.வி. என்ற சொல்லின் கூர்மையும் கொஞ்சம் மழுங்குகிறது.

வெளிநாட்டுத் தொழிலாளியின் கணக்கு வேறு

தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தியர் பலர். அவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஃபொமேமாவில் தெரிந்தால் வேலை செய்யத் தகுதியில்லை, நாடு திரும்பவேண்டும். ‘கண்டுபிடித்தால் மருந்து’ என்ற வாக்குறுதி அவருக்குப் பொருந்தாது. அவரை இந்த ஓட்டத்தில் சேர்த்து, பின்விளைவைச் சொல்லாமல் இரத்தம் எடுப்பது நேர்மையில்லை. சொன்னால் பலர் மறுப்பார்கள், மறுக்கட்டும். நோய்க்குறி உள்ளவருக்குச் சிகிச்சைக்காகச் சோதிப்பதை இது தடுக்காது. தோட்ட ஏஜெண்ட் பக்கத்தில் நின்றுகொண்டு பாஸ்போர்ட்டைப் பிடித்திருக்கும்போது மட்டும் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.

எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியும் செய்யவேண்டுமா

இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது, குறைந்தது முதல் நாளிலேயே முழு அளவில் அல்ல. தெரியாத தொற்று ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே என்று நிரூபணமானால் நிறுத்தலாம் என்பது அமெரிக்கப் பரிந்துரையிலேயே உள்ள எல்லை. அந்த எண் நம் ஊருக்கு எவ்வளவு என்று அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. எண்ணிப் பார்க்க ஒரு கைக்கணக்கு உதவும்: தொடர்ந்து 3,000 பேரைச் சோதித்து ஒருவர்கூட அகப்படவில்லை என்றால், உண்மை அளவு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். மூன்றை, சோதித்தவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அதன் மேல்வரம்பு.

அந்த 3,000 பேர் பொறுக்கியெடுத்தவர்களாக இருந்தால் கணக்கு செல்லாது. இந்தத் திட்டங்கள் வழக்கமாக அழுகுவது இப்படித்தான். முதல் மாதம் எல்லோரையும் கேட்பார்கள். மூன்றாம் மாதம் இரவு ஷிஃப்ட் விட்டுவிடும். ஆறாம் மாதம், பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, கையில் பச்சை குத்திய பையனை மட்டும் கேட்பார்கள். அப்போது இது வழக்கச் சோதனை என்ற பெயரில் பழைய பொறுக்கல்தான். தடுக்க வழி, மிஸ்ஸியின் நினைவாற்றலை நம்பாமல் பாரத்தையே மாற்றுவது: இரத்தச் சோதனைப் பாரத்தில் எச்.ஐ.வி. கட்டம் ஏற்கனவே டிக் செய்யப்பட்டிருக்கவேண்டும், மறுத்தால் மட்டும் அடித்துக் கையெழுத்திடவேண்டும். வாரா வாரம் இரண்டு எண்ணைச் சுவரில் எழுதவேண்டும்: இரத்தம் எடுத்தவர் எத்தனை, அதில் சோதித்தவர் எத்தனை. மறுத்தவர் எண்ணிக்கை ஒரே ஷிஃப்டில் கூடினால், அங்கே நோயாளிகள் மறுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

முடிவுகளைத் துரத்தும் தலைக்காரர் இல்லாத ஆஸ்பத்திரி இதைத் தொடங்காமல் இருக்கலாம். அங்கே குறிகளைப் பார்த்துச் சோதிப்பதை மட்டுமாவது விடாமல் செய்யலாம்: டெங்கியும் எலிக்காய்ச்சலும் இல்லையென்று வந்த தடிப்புக் காய்ச்சல், ஐம்பது வயதுக்குக் கீழே அக்கி, வாயில் வெள்ளைப் படலம், ஓராண்டில் இரண்டாவது நிமோனியா, காரணம் தெரியாத எடை குறைவு, புதிய காசநோய். இவற்றோடு, ஊசி குத்துப்பட்டவரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரும். அவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் கொடுக்கவேண்டும். முதல் மாத்திரையை அவசரப் பிரிவு அலமாரியிலேயே வைத்திருக்கவேண்டும். சனிக்கிழமை இரவு வந்தவரைத் திங்கள் காலை மருந்தகம் திறந்ததும் வரச் சொல்லும் ஆஸ்பத்திரியில் அந்த 72 மணி நேரத்தில் பாதி பூட்டிய கதவுக்கு வெளியே கழிந்துவிடும்.